எல்லைக் கல்லும் நிகாஹ் தஃப்தரும்

சென்னையிலிருந்து திருத்தணி வரை செல்வோர் பலர்; அதற்கப்பால் வடமேற்கே செல்வோர் சிலரே. அன்பு வாசகர்களே, அந்தச் சிலரில் ஒருவராக நீங்களும் ஒருமுறை பொதட்டூர்பேட்டைக்குச் சென்று வாருங்கள். திருத்தணியில் பேருந்து ஏறினால் இருபது கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான வழி. திருவள்ளூர் மாவட்டம் பள்ளிப்பட்டு வட்டத்தைச் சேர்ந்த பேரூராட்சி அது. பேருந்திலிருந்து இறங்கித் தெருவுக்குள் நடந்தால் முதலில் காதில் விழுவது தறியின் ஓசை. நெசவுதான் இவ்வூரின் பிழைப்பு.

கடைத்தெருவில் சற்று நின்று மக்களின் பேச்சைக் கவனியுங்கள். தமிழில் தொடங்கிய பேரம் தெலுங்கில் முடியக் காண்பீர்கள். பழைய வட ஆர்க்காட்டுப் பகுதியின் முஸ்லிம் குடும்பங்களில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோரும் உண்டு. வீட்டுக்குள் தக்கனி உருது பேசி, வாசற்படி தாண்டியதும் மற்ற இரண்டு மொழிகளுக்கும் மாறிக்கொள்வோரும் உண்டு. சிறிது தொலைவு சென்றால் ஆந்திர மாநிலம். நகரியும் புத்தூரும் அந்தப் பக்கத்தவை. ஆனால் பெண் கொடுப்பதும் பெண் எடுப்பதும் எல்லைக் கல்லைப் பார்த்து நடப்பதில்லை. இந்தப் பக்கத்துப் பெண்ணுக்கு அந்தப் பக்கத்தில் மாமியார் வீடு. அந்தப் பக்கத்துப் பிள்ளைக்கு இந்தப் பக்கத்தில் தாய்மாமன். எல்லையோர ஊர்கள் அனைத்திலும் இதுதானே நடைமுறை!

இந்த எல்லைக்கு ஒரு வரலாறு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வட்டாரம் கார்வேட்டிநகரம் ஜமீனைச் சேர்ந்திருந்தது. ஜமீனோ வட ஆர்க்காடு ஜில்லாவுக்குள் இருந்தது. ஆர்க்காட்டு நவாபின் ஆட்சிப் பகுதிகளைக் கிழக்கிந்தியக் கம்பெனி எடுத்துக்கொண்டது 1801இல். அன்று வட ஆர்க்காட்டின் தலைநகரம் வேலூர் அன்று, சித்தூர். 1911இல் சித்தூர் தனி ஜில்லா ஆயிற்று. திருத்தணிப் பகுதி அதனுடன் சென்றது. 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் ஜில்லாவோடு சேர்ந்து இப்பகுதியும் ஆந்திரத்துக்குப் போயிற்று. ம.பொ.சிவஞானம், மங்கலங்கிழார் முதலியோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தை மூத்த வாசகர்கள் அறிவார்கள். படாஸ்கர் தீர்ப்பின்படி 1959இல் சட்டம் இயற்றப்பட்டு, 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்துக்குத் திரும்பி, செங்கற்பட்டு மாவட்டத்துடன் இணைந்தது. 1997இல் திருவள்ளூர் மாவட்டம் பிரிந்தது. ஊர் ஓரடிகூட நகரவில்லை. எல்லைதான் அதன்மீது ஏறியும் இறங்கியும் சென்றிருக்கிறது.

1910இல் இவ்வூரில் ஒரு நிகாஹ் நடந்திருக்குமானால், அது வட ஆர்க்காட்டு நிகாஹ். அத்தம்பதியரின் மகள் 1930இல் அதே தெருவில் மணம் முடித்திருந்தால் சித்தூர் ஜில்லா நிகாஹ். பேத்தி 1955இல் மணந்திருந்தால் ஆந்திர மாநில நிகாஹ். கொள்ளுப்பேத்திக்குத் தமிழ்நாட்டு நிகாஹ். நால்வருக்கும் ஈஜாபும் கபூலும் ஒன்றே. சாட்சிகளும் மஹரும் ஒன்றே. அவ்வாறாயின் எல்லை மாறியதால் எதுவும் மாறவில்லையா? மாறியது உண்டு. அது எது என்பதை விளக்கவே இக்கட்டுரை.

ஆங்கிலேயர் இந்த நாட்டை ஆளத் தொடங்கியபோது அவர்கள்முன் நின்ற கேள்வி, யாருக்கு எந்தச் சட்டம் என்பது. அவர்கள் நாட்டில் சட்டம் நிலத்தைச் சார்ந்தது. இங்கேயோ ஒரே தெருவில் நாலு வீட்டுக்கு நாலு வழக்கம். 1772இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் வங்காளத்துக்கு வகுத்த நீதித் திட்டத்தில் திருமணம், வாரிசுரிமை போன்றவற்றில் முஸ்லிம்களுக்குக் குர்ஆனின் சட்டமும் இந்துக்களுக்குச் சாஸ்திரமும் என்று முடிவாயிற்று. சென்னை ராஜதானியிலும் அதுவே பின்பற்றப்பட்டது. 1873ஆம் ஆண்டின் சென்னை சிவில் கோர்ட்டுகள் சட்டத்தின் 16ஆம் பிரிவு, திருமணம் பற்றிய வழக்கில் இரு தரப்பாரும் முஸ்லிம்கள் என்றால் முஸ்லிம் சட்டத்தையும், சட்ட வலிமை பெற்ற வழக்கங்களையும் பின்பற்றித் தீர்ப்பளிக்க வேண்டும் என்று விதித்தது. ஆக, சட்டம் மனிதனோடு நடந்தது. சித்தூரில் செல்லும் நிகாஹ் கல்கத்தாவிலும் செல்லும், இரங்கூனிலும் செல்லும்.

நிகாஹ் எல்லை கடந்தது, சரி. அந்த நிகாஹ் நடந்தது என்பதற்கான சான்றும் உடன் கடந்ததா? அங்கேதான் சாம்ராஜ்யத்தின் ஒவ்வொரு மூலையும் ஒவ்வொரு வழியில் சென்றது.

முதலில் காஜிகளின் கதை. கம்பெனி ஆட்சி தொடக்கத்தில் காஜி பதவியைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டது. வங்காளத்தில் 1793ஆம் ஆண்டு விதியாலும், சென்னை ராஜதானியில் 1808ஆம் ஆண்டு விதியாலும் காஜிகளை அரசே நியமித்தது. திருமணம் நடத்தி வைத்தல், பத்திரங்களுக்குச் சாட்சியமளித்தல் ஆகியவை அவர்கள் பணி. கோர்ட்டுகளில் ஷரீஅத்தை எடுத்துச் சொல்ல முஃப்திகளும் மௌலவிகளும் அமர்த்தப்பட்டிருந்தனர். 1864ஆம் ஆண்டின் 11ஆவது சட்டம் இவை யாவற்றையும் ஒரே வீச்சில் ஒழித்தது. இனி ஆங்கில நீதிபதிகளே முஸ்லிம் சட்டத்தை அறிவார்கள், சட்ட அலுவலர்கள் தேவையில்லை, காஜிகளை அரசு நியமிப்பதும் முறையன்று என்பது அதன் கருத்து. நீதிபதிகள் நம் சட்டத்தை எவ்வளவு அறிந்திருந்தார்கள் என்ற விவாதத்துக்குள் நான் செல்லவில்லை. ஹிதாயாவின் ஆங்கில மொழிபெயர்ப்பு அவர்கள் மேசைமேல் இருந்தது என்று மட்டும் சொல்லி நகர்கிறேன்.

காஜி பதவி ஒழிந்ததும் ஊர்களில் குழப்பம் தோன்றியது. நிகாஹை யார் நடத்துவது? நடத்தியவர் காஜிதான் என்று யார் சொல்வது? நாட்டின் சில பகுதிகளில் அரசு நியமித்த காஜி இருந்து நடத்தினால்தான் திருமணம் முறையானது என்ற வழக்கம் முஸ்லிம்களிடையே ஊறிப்போயிருந்தது. இந்த வழக்கத்தைக் காரணமாகக் காட்டியே 1880இல் 12ஆவது சட்டமாகக் காஜிகள் சட்டம் பிறந்தது. வைஸ்ராயின் சட்டசபையில் அதைக் கொண்டுவந்தவர் யார் தெரியுமா? அலிகரைத் தோற்றுவித்த ஸர் ஸையித் அஹ்மத் கான் அவர்கள்! அந்தச் சட்டம் முதலில் செல்லுபடியாகும் இடம் என்று அதன் முதற்பிரிவு எதைக் குறிப்பிட்டது? டெல்லியையா, லக்னோவையா? இல்லை. செயிண்ட் ஜார்ஜ் கோட்டை கவர்னரின் ஆட்சிப் பகுதியை, அதாவது நம் சென்னை ராஜதானியை. மற்ற மாகாணங்கள் விரும்பினால் அறிவிக்கை வெளியிட்டு விரிவுபடுத்திக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. வடநாட்டுத் தலைவர் ஒருவர் கொண்டுவந்து, முதன்முதலில் தென்னாட்டுக்கென நிறைவேறிய சட்டம் இது. நம் பிள்ளைகளின் பாடப் புத்தகத்தில் இது இல்லை. அதனால்தான் இங்கே சற்று நீட்டிச் சொல்கிறேன்.

நான்கே பிரிவுகள் கொண்ட சின்னஞ்சிறு சட்டம் அது. ஒரு வட்டாரத்தின் முஸ்லிம்களில் கணிசமானோர் விரும்பினால், அவ்வட்டாரத்துப் பிரமுகர்களைக் கலந்துகொண்டு அரசு காஜியை நியமிக்கலாம் என்கிறது இரண்டாம் பிரிவு. நாயிபு காஜிகளைப் பற்றியது மூன்றாம் பிரிவு. நான்காம் பிரிவுதான் கவனத்துக்குரியது. இந்த நியமனத்தால் காஜிக்கு நீதி வழங்கும் அதிகாரமோ நிருவாக அதிகாரமோ வந்துவிடாது. நிகாஹுக்குக் காஜி வந்தே தீர வேண்டும் என்பதில்லை. வேறொருவர் காஜியின் பணியைச் செய்வதற்குத் தடையுமில்லை. இவ்வளவே. நிகாஹைப் புத்தகத்தில் எழுத வேண்டும், அந்தப் புத்தகம் அரசு ஆவணமாகக் காக்கப்பட வேண்டும் என்று அச்சட்டத்தில் ஒரு சொல்கூடக் கிடையாது.

இப்போது வங்காளத்தைப் பாருங்கள். அங்கே அதற்கு நான்காண்டுகள் முன்பே, 1876இல், முஸ்லிம் திருமணம் மற்றும் மணவிலக்குப் பதிவுச் சட்டம் நிறைவேறியிருந்தது. அரசு உரிமம் பெற்ற முஸ்லிம் பதிவாளர்கள், நிகாஹுக்கும் தலாக்குக்கும் குலாவுக்கும் பதிவேடுகள் என எல்லாம் அதில் உண்டு. பதிவு கட்டாயமில்லை, விருப்பத்தைப் பொறுத்தது. ஆனாலும் பதிவு செய்த பெண்ணுக்குக் கையில் ஒரு நகல் கிடைத்தது. ஆக, வங்காளத்தில் சட்டம் பதிவேட்டைத் தந்தது. சென்னையில் சட்டம் காஜியைத் தந்தது. அங்கே எழுதுகோல், இங்கே தலைப்பாகை! இரண்டும் ஒரே மகாராணியின் ஆட்சி.

பொதட்டூர்பேட்டையைப் பேசிக்கொண்டிருந்தவன் கடலுக்குத் தாவுகிறேனே என்று நீங்கள் எண்ணலாம். அன்றைய சென்னை ராஜதானியின் முஸ்லிம்களுக்கு எல்லை என்றால் நகரிப் பாதை மட்டுமன்று, கடலும்தான். நாகூர், நாகப்பட்டினம் துறைகளிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும், காயல்பட்டினத்திலிருந்து கொழும்புக்கும், சென்னையிலிருந்து இரங்கூனுக்கும் சபர் சென்ற நம் சபுராளிகளை மறந்து நிகாஹின் வரலாற்றை எழுத முடியாது. ராஜதானியின் தறிகளில் நெய்த கைலிகளும் அவர்களோடுதான் கப்பலேறின.

பினாங்கும் சிங்கப்பூரும் 1867 வரை கல்கத்தாவிலிருந்து ஆளப்பட்டவை. அவ்வாண்டு ஏப்ரலில் அவை இந்திய அரசிடமிருந்து பிரிந்து இலண்டன் குடியேற்ற நாட்டு அலுவலகத்தின்கீழ்ச் சென்றன. அங்கே 1880ஆம் ஆண்டின் 5ஆம் எண் சட்டமாக முஸ்லிம் திருமணச் சட்டம் வந்தது. ஆண்டைக் கவனியுங்கள்: சென்னைக்குக் காஜிகள் சட்டம் வந்த அதே 1880! ஆனால் பினாங்குச் சட்டம் காஜியையும் தந்தது, பதிவேட்டையும் தந்தது. இலங்கையிலோ முஸ்லிம்களின் திருமணச் சட்டம் 1806ஆம் ஆண்டிலேயே ஒரு தொகுப்பாக ஏற்கப்பட்டிருந்தது. 1886இல் 8ஆம் எண் சட்டத்தால் திருமணப் பதிவு வந்தது. 1929இல் காஜி முறை வகுக்கப்பட்டது. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் அவற்றின் தொடர்ச்சி. இலங்கைச் சட்டத்தில் நம் மொழியின் சொல் ஒன்று ஆங்கில எழுத்தில் அமர்ந்திருக்கிறது. அது 'கைக்கூலி'. பெண்வீட்டார் மாப்பிள்ளைக்குக் கொடுக்கும் பணத்தை மனைவி திரும்பப் பெற வழக்காடலாம் என்று அந்தச் சட்டம் அவளுக்கு உரிமை தருகிறது. கைக்கூலியை மேடையில் கண்டித்துவிட்டுக் கொல்லைப்புறத்தில் வாங்கிக்கொள்ளும் நம் ஊர்ப் பெரியவர்கள் இதைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். அதே சட்டத்தில் ஒரு குறையும் உண்டு: பதிவேட்டில் மணமகன் கையெழுத்திடுவார், வலீ கையெழுத்திடுவார், நிகாஹ் நடத்தியவர் கையெழுத்திடுவார், மணமகளின் கையெழுத்துக்கு நெடுங்காலம் இடமில்லாதிருந்தது. அதை மாற்ற வேண்டும் என்று அங்குள்ள முஸ்லிம் பெண்கள் பல்லாண்டுகளாகக் கோரினார்கள்.

இவை போதாவென்று மத்ஹபின் எல்லையும் ஒன்றுண்டு. வட ஆர்க்காட்டு உள்நாட்டில் பெரும்பாலோர் ஹனஃபி. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் ஷாஃபியீ. இலங்கையில் பெரும்பாலோர் ஷாஃபியீ. பருவமடைந்த பெண் வலீ இல்லாமல் தன் நிகாஹைத் தானே ஒப்பந்தம் செய்துகொள்ளலாம் என்பது ஹனஃபி சட்டம். வலீ இன்றியமையாதவர் என்பது ஷாஃபியீ சட்டம். 1864இல் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. ஷாஃபியீ குடும்பத்தில் பிறந்த பெண்ணொருத்தி, பருவமடைந்த பின் ஹனஃபி மத்ஹபைத் தழுவித் தந்தையின் சம்மதமின்றி மணம் செய்துகொண்டாள். நிகாஹ் செல்லும் என்றது கோர்ட்டு. மாகாண எல்லையைத் தாண்டப் பெண்ணுக்கு வண்டி தேவை. மத்ஹபின் எல்லையைத் தாண்ட அவளது நாவே போதும் என்றாயிற்று. இதை ஏற்போரும் உண்டு, ஏற்காத பெற்றோரும் உண்டு. தந்தையின் நிலையிலிருந்து பார்க்கையில் அவர் மனவேதனை எனக்கும் புரிகிறது.

இனி மீண்டும் பொதட்டூர்பேட்டைக்கு வருவோம். 1880களில் இவ்வூரில் வாழ்ந்த ஒரு பெண்ணை உங்கள் மனக்கண்ணால் பாருங்கள். பெயர் வேண்டாம், இப்படிப்பட்டவர் ஊருக்கு ஊர் இருந்தனர். நிகாஹ் நடந்தது, கருகமணி கட்டினார்கள், ஊரார் உண்டு சென்றனர். கணவர் பிழைப்புத் தேடி இரங்கூனுக்குப் போனார். இரங்கூன் அன்று பிரிட்டிஷ் இந்தியாவின் பகுதி. பர்மா பிரிந்தது 1937இல்தான். ஆண்டுகள் கடந்தன. பணம் வருவது குறைந்தது. பின்னர் கடிதமும் நின்றது. ஒருநாள் மவுத்துச் செய்தி வந்தது. அங்கே அவருக்கு ஒரு கடையும் கொஞ்சம் சரக்கும் இருந்தனவாம். மஹர் பாக்கி இருக்கிறது. 'நான் அவருடைய மனைவி' என்று இவள் எதைக் காட்டிச் சொல்வாள்?

கல்கத்தாவில் நிகாஹ் செய்து பதிந்திருந்தால் பதிவேட்டு நகல் இருந்திருக்கும். பினாங்கில் என்றாலும் இருந்திருக்கும். வட ஆர்க்காட்டில் அவளுக்குச் சட்டம் தந்தது காஜியை மட்டுமே. அவர் புத்தகம் வைத்திருந்தால் அது அவரது நல்ல குணம், இல்லாவிட்டால் கேட்பாரில்லை. சாட்சிகள் உயிரோடு இருந்தால் சாட்சிகள். அவர்களும் இல்லையென்றால்? இங்கேதான் முஸ்லிம் சட்டத்தின் ஒரு கருணை அவளுக்குக் கைகொடுத்தது. ஆணும் பெண்ணும் கணவன் மனைவியாக நெடுங்காலம் கூடிவாழ்ந்து ஊரும் அவ்வாறே ஏற்றிருந்தால், நிகாஹ் நடந்தது என்றே கொள்ள வேண்டும் என்னும் அனுமானத்தை இலண்டன் பிரிவி கவுன்சில் 1844லேயே ஒப்புக்கொண்டிருந்தது. மஹர் எவ்வளவு என்று யாருக்கும் நினைவில்லாவிட்டாலும் மஹ்ருல் மிஸ்ல் உண்டு: அவள் தந்தை வழிப் பெண்களுக்குக் கொடுக்கப்பட்ட மஹரை அளவாகக் கொண்டு கோர்ட்டு தொகையை நிர்ணயிக்கும்.

ஆனால் காலம் காத்திருக்கவில்லை. 1877ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, தவணை மஹருக்கு வழக்குப் போடும் கெடு, மரணத்தாலோ மணவிலக்காலோ திருமண உறவு முடிந்த நாளிலிருந்து மூன்றே ஆண்டுகள். அவர் இரங்கூனில் இறந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு. செய்தி பொதட்டூர்பேட்டைக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து அன்று. கப்பல் தாமதித்தால், கடிதம் எழுதுவோர் மறந்தால், அந்தத் தாமதம் அவள் கணக்கிலிருந்தே கழிந்தது. உறவினர் ஒருவரை அழைத்துக்கொண்டு, வண்டி கட்டி, முன்சீப் கோர்ட்டுக்கும் அங்கிருந்து சித்தூர் ஜில்லா கோர்ட்டுக்கும் அலைய வேண்டும். பர்தாவில் வளர்ந்த பெண்ணுக்கு அது எத்தகைய வேதனை என்பதை நம் வீட்டு மூதாட்டிகளே சொல்லக் கேட்கலாம்.

மஹர் பற்றிய இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும். இது எல்லையைத் தாண்டி நம்மிடம் வந்து சேர்ந்த நன்மை. 1886இல் அலஹாபாத் உயர் நீதிமன்றத்தில் அப்துல் காதிர் எதிர் சலீமா என்ற வழக்கு. மனைவியைத் தன்னுடன் வாழ அனுப்ப வேண்டும் என்று கணவர் கேட்கிறார். மஹர் தரப்படவில்லை என்பது எதிர்த்தரப்பு. தீர்ப்பெழுதியவர் நீதிபதி ஸையித் மஹ்மூத், காஜிகள் சட்டம் கொண்டுவந்த ஸர் ஸையித் அவர்களின் புதல்வர். நிகாஹ் என்பது ஓர் ஒப்பந்தம், மஹர் அந்த ஒப்பந்தத்திலிருந்து பிறக்கும் மனைவியின் உரிமை என்பதை ஃபிக்ஹு நூல்களின் துணையோடு அவர் விளக்கினார். கணவரின் கோரிக்கையை அடியோடு தள்ளவும் இல்லை, அப்படியே ஏற்கவும் இல்லை: கேட்டவுடன் தரவேண்டிய மஹரைக் கொடு, பின் மனைவியை அழை என்று நிபந்தனையோடு தீர்ப்பளிக்கப்பட்டது. அலஹாபாத் தீர்ப்பு சென்னையைக் கட்டுப்படுத்தாது. எனினும் இரண்டே ஆண்டில், 1888இல், குஞ்ஞி எதிர் மொய்தீன் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் அதே வழியில் சென்றது. 1890இல் கல்கத்தா, 1905இல் பம்பாய். தந்தை கொண்டுவந்த சட்டம் தென்னாட்டை முதலாகக் கொண்டு புறப்பட்டது. மகன் எழுதிய தீர்ப்பு வடநாட்டிலிருந்து புறப்பட்டு மாகாணம் மாகாணமாக நடந்து வந்தது.

மஹர் என்றதும் ஒரு சிறு எச்சரிக்கை. கேட்டவுடன் தரும் மஹருக்கு அரபியில் ஒரு பெயர். பின்னர் தரும் மஹருக்கு வேறொரு பெயர். ஒன்றில் ஐன், மற்றொன்றில் ஹம்ஸா, அவ்வளவே வேறுபாடு. தமிழில் எழுதினால் இரண்டும் 'முஅஜ்ஜல்' என்றே வந்து நிற்கும்! ஓரெழுத்து மாறினால் ஒரு பெண்ணின் உரிமை பல ஆண்டுகள் தள்ளிப்போகும். தஃப்தரைத் தமிழில் எழுதும் ஊர்களில், 'கேட்டவுடன் தரவேண்டியது', 'பின்னர் தரவேண்டியது', 'மஜ்லிஸிலேயே கொடுக்கப்பட்டது' என்று நல்ல தமிழிலேயே எழுதச் சொல்லுங்கள்.

சாம்ராஜ்யம் போய்விட்டது, எல்லைகள் போகவில்லை. 1937இல் ஷரீஅத் சட்டம் வந்து, வழக்கம் என்ற பெயரால் மறைந்துகிடந்த பலவற்றை நீக்கித் திருமணத்திலும் மஹரிலும் ஷரீஅத்தே நாடு முழுவதும் முஸ்லிம்களுக்குச் சட்டம் என்றது. அதனால் நகரியில் இருந்தாலும் பொதட்டூர்பேட்டையில் இருந்தாலும் நிகாஹ் ஒன்றே. சான்று மட்டும் இன்றும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. ஆந்திரத்தில் 2002இல் கட்டாயத் திருமணப் பதிவுச் சட்டம் நிறைவேறியது. எல்லா மதத்தாரின் திருமணங்களும் பதியப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2006இல் பணித்தது. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டின் திருமணப் பதிவுச் சட்டம் அவ்வாண்டு நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. நிகாஹ் நடந்த 90 நாட்களுக்குள் பதிய வேண்டும்; தவறினால் கூடுதல் கட்டணத்துடன் மேலும் 60 நாட்கள். 1876இல் வங்காளத்துப் பெண்ணுக்கு விரும்பினால் கிடைத்தது, 133 ஆண்டுகளுக்குப் பின் நம் பெண்ணுக்குக் கட்டாயமாகக் கிடைத்திருக்கிறது. ஜமாஅத் தஃப்தர் இருக்க அரசுப் பதிவு எதற்கு என்று கேட்போர் நம்மில் உண்டு. தஃப்தரை மதிப்பவன்தான் நானும். ஆனால் பாஸ்போர்ட் அலுவலகத்திலும் வெளிநாட்டுத் தூதரகத்திலும் மகளின் பெயரால் நிற்கப்போவது ஜமாஅத் நிருவாகிகள் அல்லர். அவளது கையிலுள்ள தாள்தான். இதில் மார்க்கத்துக்கு முரணானது எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கடனையே எழுதி வைக்கச் சொல்லும் மார்க்கம் நம்முடையது.

1880ஆம் ஆண்டின் நான்கு பிரிவுச் சட்டமும் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. தமிழ்நாட்டு அரசு காஜிகளை நியமிப்பது அதன்படியே. காஜிகள் தரும் தலாக் சான்றிதழ்களை எதிர்த்து, முன்னாள் சட்டமன்ற உறுப்பினரும் வழக்கறிஞருமான பதர் சயீத் தொடுத்த வழக்கில், 2017 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு ஒன்றைப் பிறப்பித்தது. அத்தகைய சான்றிதழ் ஒரு கருத்து மட்டுமே, சட்டப்படி மணவிலக்குக்குச் சான்றாகாது என்றது அந்த உத்தரவு. அதற்குத் துணையாக நின்றது நான்காம் பிரிவுதான். காஜிக்கு நீதி வழங்கும் அதிகாரம் இல்லையென்று 1880இல் எழுதிய ஒரு வரி, நூற்றுமுப்பத்தேழு ஆண்டுகளுக்குப் பின் ஒரு சான்றிதழின் வலிமையைத் தீர்மானித்தது.

எல்லையோரத்தில் பெண் கொடுக்கும் பெற்றோருக்கு நான் சொல்லக் கூடியது இவ்வளவே. நிகாஹ் இந்தப் பக்கத்துப் பள்ளிவாசலில், வலீமா அந்தப் பக்கத்து மண்டபத்தில் என்று நடப்பது இவ்வட்டாரத்தில் புதிதன்று. சட்டம் பார்ப்பது நிகாஹ் நடந்த இடத்தை; பிரியாணி பரிமாறிய இடத்தை அன்று. ஆகவே தஃப்தரில் ஊர்ப்பெயரோடு நிறுத்தாமல் வட்டம், மாவட்டம், மாநிலம் என முழுமையாக எழுதச் செய்யுங்கள். மஹரின் தொகையையும், தங்கமாயின் அதன் எடையையும், கொடுத்ததா கொடுக்க வேண்டியதா என்பதையும் எழுதச் செய்யுங்கள். மணமகளும் கையெழுத்திடட்டும். நகல் ஒன்று பெண்ணின் தாயிடம் இருக்கட்டும்; மாமியார் வீட்டு அலமாரியில் மட்டும் வேண்டாம்.

பழைய தஃப்தர்களையும் மறந்துவிடாதீர்கள். திருத்தணி, பள்ளிப்பட்டு வட்டாரங்களில் 1960க்கு முன்பு நடந்த நிகாஹுக்கு ஊர் தமிழ்நாட்டில் இருக்கும். ஜில்லா மட்டும் 'சித்தூர்' என்றிருக்கும். 1911க்கு முன்பு என்றால் 'வட ஆர்க்காடு' என்றிருக்கும். பூர்வீகச் சொத்துக்கோ வாரிசுச் சான்றுக்கோ அலுவலகம் செல்லும்போது, இந்த ஊர் அந்த ஜில்லாவில் இருந்ததா என்று இளம் அலுவலர் ஐயுறலாம். 1959ஆம் ஆண்டின் எல்லை மாற்றச் சட்டத்தின் பெயரைக் குறித்து வைத்துக்கொண்டு செல்லுங்கள். உங்கள் மஹல்லாவின் தஃப்தர் எந்த ஆண்டிலிருந்து இருக்கிறது என்று அடுத்த ஜும்ஆவுக்குப் பிறகு முத்தவல்லியிடம் கேட்டுப் பாருங்கள். கறையான் தொடாத பக்கங்களையாவது இப்போதே நகலெடுத்து வைக்கலாம்.